பெருநகரில் மூன்று இரவுகள்: எத்தகைய விடுதியைத் தேர்ந்தெடுப்பது?

பெருநகரம் ஒன்றில் இரண்டு மூன்று நாள்கள் தங்கிச் சுற்றிப் பார்த்துவரத் திட்டமிடும்போது, பயணச்சீட்டு எடுப்பதும் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வதும் ஒரே மாலையில் முடிந்துவிடுகின்றன. விடுதியை முடிவு செய்வதுதான் வாரக்கணக்கில் இழுக்கிறது. அதிலும் நடுத்தரத்துக்கு மேலே, உச்ச ஆடம்பரத்துக்குக் கீழே உள்ள அடுக்கில்தான் குழப்பம் மிகுதி. மலிவான விடுதிகளில் வாடகையே முடிவைச் சொல்லிவிடும். மிக உயர்ந்தவற்றில் அவற்றின் பெயரும் மரபும் முடிவைச் சொல்லிவிடும். இடைப்பட்ட அடுக்கிலோ எல்லா விடுதிகளும் கலைநயத்துடன் வடிவமைக்கப்பட்டவை என்று சொல்லிக்கொள்கின்றன. எல்லாவற்றின் படங்களிலும் மஞ்சள் விளக்கொளி, வெல்வெட் நாற்காலி, சன்னலுக்கு அப்பால் நகரத்தின் அந்திவானம் ஆகியவை இருக்கின்றன. படங்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாத நிலையில், எதை வைத்து ஒப்பிடுவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பல பயணங்களுக்குப் பிறகு நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நடுப்பகலில் அறைக்குத் திரும்பி வருவோமா, மாட்டோமா? காலையில் கிளம்பி இரவு பத்து மணிக்குத் திரும்பும் பயணிக்கு விடுதி என்பது படுக்கையும் குளியலறையும் மட்டுமே. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்து, முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு மாலை நிகழ்ச்சிக்குக் கிளம்பும் பயணிக்கு அதே அறை வேறு பொருள் பெறுகிறது. அறையின் பரப்பு, வெளிச்சம், அமர்ந்து தேநீர் குடிக்க ஒரு நாற்காலி, விடுதிக்கும் நகர மையத்துக்கும் உள்ள தொலைவு ஆகிய அனைத்தின் மதிப்பும் இந்த ஒரு பதிலைப் பொறுத்து ஏறி இறங்குகிறது.

தொலைவை எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து மெட்ரோவிலும் நடையிலுமாக முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு விடுதி இருக்கிறது; பத்து நிமிட நடையில் வேறொன்று இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை போய்வந்தால் முதல் விடுதிக்கு எழுபது நிமிடமும் இரண்டாவதற்கு இருபது நிமிடமும் ஆகும். ஐம்பது நிமிட வேறுபாட்டைப் பலரும் பொறுத்துக்கொள்வார்கள். நடுப்பகலிலும் ஒருமுறை திரும்புவதாக இருந்தால் அது 140 நிமிடமாகவும் 40 நிமிடமாகவும் மாறிவிடுகிறது. இரண்டு மணி இருபது நிமிடத்தை யாரும் அப்படிச் செலவிடுவதில்லை. எனவே தொலைவிலுள்ள விடுதியில் தங்குபவர் பிற்பகல் ஓய்வையே கைவிட்டுவிடுகிறார், மூன்றாம் நாள் கால்வலியோடு அருங்காட்சியகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தொலைவில் கிடைக்கும் பெரிய அறையின் பயன் அங்கேயே பாதி போய்விடுகிறது, ஏனென்றால் அந்தப் பெரிய அறையில் அவர் விழித்திருக்கும் நேரமே குறைவு.

பெரும்பாலும் நூறு அறைகளுக்குள் கொண்ட, தனித்த வடிவமைப்புள்ள விடுதிகளைப் பூட்டிக் ஹோட்டல் என்ற பெயரில் அறிவோம். லண்டனில் 1978இல் திறக்கப்பட்ட பிளேக்ஸ், நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் 1984இல் இயான் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெல்லும் திறந்த மார்கன்ஸ் ஆகியவை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளாகக் கருதப்படுகின்றன. மார்கன்ஸின் உள்ளலங்காரத்தைச் செய்த ஆந்த்ரே புட்மானுக்குக் கிடைத்த பணம் குறைவு; பளிங்கு வாங்க முடியாத நிலையில், விலை குறைந்த கறுப்பு வெள்ளைப் பீங்கான் ஓடுகளைச் சதுரங்கப் பலகைபோல் குளியலறைச் சுவர்களில் பதித்தார். அந்தக் குளியலறைதான் பின்னாளில் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. இந்த நிகழ்வை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: நல்ல வடிவமைப்பு என்பது விலையுயர்ந்த பொருள்களைக் குவிப்பதில் இல்லை, எடுத்த முடிவுகளைக் கடைசிவரை கடைப்பிடிப்பதில் இருக்கிறது. லாபியில் கலைப்பொருள்களைக் குவித்துவிட்டு, அறைக்குள் சாதாரண அலுவலக மேசையைப் போட்டு வைத்திருக்கும் விடுதி வடிவமைக்கப்பட்ட விடுதி அன்று. கோபன்ஹேகனில் 1960இல் திறக்கப்பட்ட எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலுக்கு ஆர்னே யாகோப்சன் கட்டடத்தை மட்டும் வரையவில்லை. நாற்காலி, விளக்கு, மேசைக் கரண்டி வரை அவரே வரைந்தார். 606ஆம் எண் அறை இன்றும் அவர் வடிவமைத்தபடியே பாதுகாக்கப்படுகிறது. அந்த அளவு கவனத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் லாபியின் படங்களையும் அறையின் படங்களையும் அருகருகே வைத்து, இரண்டையும் வரைந்தது ஒரே கைதானா என்று பார்த்தால் பல விடுதிகள் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

இந்த வகையின் குறை, அழகுக்காகப் பயன்பாட்டை விட்டுக்கொடுக்கும் பழக்கம். அறைக்கும் குளியலறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுவதற்கும், சன்னல் இல்லாத குளியலறைக்குள் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவருவதற்கும் அது உதவுகிறது என்பது உண்மையே. தங்கிப் பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். ஒருமுறை வயதான என் தாயாரோடு ஒரே அறையில் தங்கியபோது, கழிவறைக்குக் கதவாக ஒரு நகர்த்தும் பலகை மட்டுமே இருந்தது; அது சுவரோடு பொருந்தாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. இரவில் ஒருவர் உள்ளே விளக்கைப் போட்டால் மற்றவரின் முகத்தில் நேராக வெளிச்சம் அடித்தது. நான்கு நாள்களும் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் லாபிக்கு இறங்கிப்போய்க் காத்திருந்தோம். விருது பெற்ற விடுதி அது. அன்றிலிருந்து, குளியலறைக் கதவு தெரியும் ஒரு படத்தையாவது பயணிகள் எடுத்த படங்களில் தேடிக் கண்டுபிடிக்காமல் நான் முன்பதிவு செய்வதில்லை. இணையத்தில் விடுதியே வெளியிடும் படங்கள் அகலக்கோண லென்ஸால் எடுக்கப்பட்டவை. கட்டிலின் கால்பக்கம் இயல்புக்கு மீறி நீண்டு தெரிந்தால், அறையின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பல நகரங்களில் ஒரே பெயரில் விடுதி நடத்தும் சங்கிலி நிறுவனங்களின் உயர்மாடி விடுதிகள் இதற்கு நேர் எதிரான இயல்புடையவை. அவற்றில் வியப்பு குறைவு, நம்பகம் அதிகம். எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கட்டிய விடுதியில், ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை தருவதற்காக, பக்கத்துப் பக்கத்து அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, இரண்டுக்கும் பொதுவான ஒரே செங்குத்துக் குழாய்ப் பாதையை அமைத்தார். இன்றும் பெரும்பாலான விடுதி அறைகளின் உள்ளமைப்பு அதிலிருந்து வந்ததுதான்: கதவு, சிறு நடை, ஒரு பக்கம் குளியலறை, பிறகு கட்டில், கடைசியில் சன்னல். பக்கத்து அறைக்காரர் அதிகாலையில் குளிப்பது நமக்கு ஏன் கேட்கிறது என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது. வெஸ்டின் நிறுவனம் 1999இல் ‘ஹெவன்லி பெட்’ என்று பெயரிட்டுப் புதிய மெத்தையை எல்லா விடுதிகளிலும் அறிமுகப்படுத்தியபோது, மற்ற நிறுவனங்களும் மெத்தையில் போட்டியிடத் தொடங்கின. அதனால், பெரிய சங்கிலி விடுதிகளில் தூக்கத்துக்குத் தேவையானவை பொதுவாகக் குறைவின்றி இருக்கும்: நல்ல மெத்தை, முழுவதும் இருட்டாக்கும் திரைச்சீலை, ஒழுங்காக வேலை செய்யும் குளிர்சாதனம், இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை.

அவற்றைத் தேர்ந்தெடுக்க ஏற்ற நேரம் வார இறுதி. வணிக மையப் பகுதியில் உள்ள கோபுர விடுதிகள் திங்கள் முதல் வியாழன் வரை அலுவல் பயணிகளால் நிரம்புகின்றன. வெள்ளி முதல் ஞாயிறு வரை காலியாகின்றன, வாடகையும் இறங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் கூடும் பழைய நகர்ப் பகுதியில் இதற்கு நேர்மாறு. ஆகவே வார இறுதிப் பயணத்துக்கு, சாதாரணமாக எட்டாத உயரத்திலுள்ள ஒரு விடுதி எட்டும் தொகைக்கு வந்துவிடுவது உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதித் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். காப்பிக்கடை முதல் மருந்துக்கடை வரை மூடியிருக்கக்கூடும். இரவில் நடந்து திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் இதை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

இந்த இரு வகைகளுக்கும் நடுவே ஒரு பாலம் போடப்பட்டிருக்கிறது. மேரியாட் 2010இல் ‘ஆட்டோகிராஃப் கலெக்‌ஷன்’ என்றும் ஹில்டன் 2014இல் ‘கியூரியோ’ என்றும் தொடங்கிய தொகுப்புகளில், தனித்தன்மையுள்ள விடுதிகள் தம் பெயரையும் தோற்றத்தையும் வைத்துக்கொண்டே பெரிய நிறுவனத்தின் முன்பதிவு அமைப்பில் சேர்ந்துகொள்கின்றன. உறுப்பினர் புள்ளிகள் சேர்க்கும் வழக்கமுடையவர்களுக்கு இது வசதியானது. புள்ளிகள் வேண்டுமானால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்ய வேண்டும்; இடைத்தரகுத் தளங்கள் வழியே செய்த பதிவுகளுக்குப் பெரும்பாலும் புள்ளிகள் கிடைப்பதில்லை.

அறை சிறியது, மற்றவை எல்லாம் சிறந்தவை என்ற கொள்கையுடைய விடுதிகள் வேறொரு வகை. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 2008இல் தொடங்கிய சிட்டிசன்எம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கப்பட்ட சுமார் 14 சதுர மீட்டர் அறைகள், சன்னலோரம் சுவரிலிருந்து சுவர்வரை விரியும் கட்டில், தானே செக்-இன் செய்துகொள்ளும் திரை, அறையில் மிச்சப்படுத்திய இடத்தையெல்லாம் சேர்த்து அமைத்த பெரிய பொதுக்கூடம் என்ற அதன் அமைப்பைப் பிறகு பலரும் தம் வழியில் எடுத்துக்கொண்டார்கள். 14 சதுர மீட்டர் என்பது காகிதத்தில் விளங்காது. வீட்டுத் தரையில் அளந்து பார்த்தால் விளங்கும். நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் என்று சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். குளியலறைக்கு மூன்று சதுர மீட்டரைக் கழியுங்கள். கிங் அளவுக் கட்டில் 193 சென்டிமீட்டர் அகலம், 203 சென்டிமீட்டர் நீளம். அது ஏறத்தாழ நான்கு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஏழில் நுழைவு நடை, மேசை, உடை மாட்டும் இடம் ஆகியவை போக, இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் திறந்து வைக்க இடம் இருக்காது. ஒருவர் பெட்டியைத் திறக்கும்போது மற்றவர் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டும். சுவரோடு சுவராக அமைந்த கட்டிலில் உள்பக்கம் படுப்பவர், இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தனியாகச் செல்பவருக்கும், ஓரிரவு தங்குபவருக்கும், கைப்பெட்டி மட்டும் கொண்டுசெல்லும் இளம் இணையருக்கும் இதைவிட நேர்மையான தேர்வு இல்லை என்றே கருதுகிறேன். நகரின் நடுவே நல்ல இடத்தில், நல்ல படுக்கையும் நல்ல நீரழுத்தமும் உள்ள அறை, தேவையற்ற எதற்கும் பணம் வாங்காமல் கிடைக்கிறது. நடுப்பகலில் திரும்பமாட்டோம் என்று பதில் சொன்னவர்கள் இந்த வகையை முதலில் பார்க்க வேண்டும். திரும்புவோம் என்று சொன்ன இருவருக்கு, என் அனுபவத்தில், 22 சதுர மீட்டருக்குக் கீழே போனால் மூன்றாம் நாள் மனத்தாங்கல் வருகிறது. 28 சதுர மீட்டருக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு மீட்டரும் இனிமையானது, ஆனால் அதற்காக மையத்தை விட்டுத் தள்ளிப்போகத் தேவையில்லை.

பழைய கட்டடங்களைப் புதுப்பித்து அமைத்த விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் மனம் அவற்றின் பக்கமே சாய்கிறது. ஒரு நகரத்துக்குச் செல்வதே அதன் காலத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காக என்னும்போது, உறங்கும் இடமும் அந்தக் காலத்தின் பகுதியாக இருப்பது தனி நிறைவைத் தருகிறது. சிங்கப்பூரில் 1928இல் கட்டப்பட்டு, பொது அஞ்சலகமாகப் பல்லாண்டு இயங்கிய ஃபுல்லர்டன் கட்டடம் 2001 முதல் விடுதியாக இருக்கிறது. லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் முகப்பில் 1873இல் திறக்கப்பட்ட மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல், 1935இல் மூடப்பட்டு, நெடுங்காலம் அலுவலகமாகவும் பிறகு வெறுமையாகவும் கிடந்து, 2011இல் மீண்டும் விடுதியாகத் திறக்கப்பட்டது. அதன் சிவப்புச் செங்கல் கோபுரத்தையும் வளைந்தேறும் பெரும்படிக்கட்டையும் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அந்த விடுதியின் பெரும்பாலான அறைகள் பழைய கட்டடத்துக்குள் இல்லை. பின்புறம் புதிதாகச் சேர்த்துக் கட்டிய பகுதியில் இருக்கின்றன. மும்பையின் தாஜ்மகால் ஹோட்டலிலும் 1903ஆம் ஆண்டின் அரண்மனைப் பகுதியும் 1970களில் எழுந்த கோபுரப் பகுதியும் வேறு வேறு. இரண்டுக்கும் வாடகையும் வேறு. இப்படி எத்தனையோ விடுதிகள் உள்ளன. ஆகவே பழைய கட்டடத்துக்காக ஒரு விடுதியைத் தேர்ந்தெடுப்பவர், தாம் பதிவு செய்யும் அறை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கட்டைப் பார்க்க லாபி வழியே நடந்தால் போதும் என்றால், அருகிலேயே வேறு விடுதியில் தங்கிக்கொண்டு இங்கு ஒரு கோப்பைத் தேநீருக்கு வரலாம்.

பழைய கட்டடத்தில் ஒரே வகை அறைகளுக்குள்ளும் வேறுபாடு பெரிது. கூரையின் சரிவுக்குக் கீழே அமைந்த அறையில் உயரமானவர் நிமிர்ந்து நிற்க முடியாது. தெருவை நோக்கிய பெரிய சன்னல், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால், மாற்ற முடியாத பழைய மெல்லிய கண்ணாடியோடு இருக்கலாம். அங்கேதான் ஒலி என்னும் பிரச்சினை எழுகிறது. உறக்கம் கெடாமலிருக்கப் படுக்கையறைக்குள் தொடர் இரைச்சல் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறிப்பிட்டது. பெருநகரத் தெருவோர அறையில் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலோடு அந்த அளவை எட்டுவது கடினம். அழகான விடுதிகள் பலவற்றில் மேல்மாடியிலோ தரைத்தளத்திலோ மதுக்கூடம் இருக்கும்; வார இறுதியில் அதன் இசை நள்ளிரவு தாண்டியும் ஒலிக்கும். ஒரு விடுதியின் புகழ் அதன் மொட்டைமாடிக் கொண்டாட்டங்களால் வந்தது என்றால், அதற்கு நேர்கீழே உள்ள இரண்டு தளங்களை ஒருபோதும் ஏற்கக்கூடாது. லிஃப்டுக்கு அடுத்த அறையும், பக்கத்து அறையோடு உள்கதவால் இணைந்த அறையும் இதே வரிசையில் சேரும். அந்த உள்கதவு பூட்டியிருந்தாலும் சுவரைப்போல் ஒலியைத் தடுப்பதில்லை, பக்கத்து அறையின் தொலைக்காட்சிச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் கேட்கலாம். உள்முற்றத்தை நோக்கிய அறைக்குக் காட்சி கிடையாது, வெளிச்சமும் குறைவு. ஆயினும் தெருப்பக்கக் காட்சியை முதல் மாலை பத்து நிமிடம் பார்க்கிறோம், இரைச்சலை மூன்று இரவும் கேட்கிறோம் என்பதால், பழைய கட்டடங்களில் நான் முற்றத்துப் பக்கத்தையே கேட்டு வாங்குகிறேன்.

சமையலிடத்தோடு கூடிய குடியிருப்பு விடுதிகள், அதாவது சர்வீஸ் அப்பார்ட்மென்ட் வகை, குழந்தைகளோடு செல்வோருக்கு மிகப் பொருத்தமானவை. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு இருப்பதால், குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிட்டாலும் பெரியவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டியதில்லை; துணி துவைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் கிடைக்கிறது. தினசரி துப்புரவு இருக்காது, வரவேற்பு மேசை இரவில் மூடியிருக்கக்கூடும் என்பவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். இருவர் மட்டும் செல்லும் மூன்று இரவுப் பயணத்துக்கு, விடுதி தரும் கொண்டாட்ட உணர்வை இது தருவதில்லை என்பது என் கருத்து.

நட்சத்திரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பலரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகள் 2009இல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்ற அமைப்பை உருவாக்கி, இருநூறுக்கும் மேற்பட்ட அளவுகோல்களைப் பொதுவாக வகுத்துக்கொண்டன. அமெரிக்காவில் அரசு வழங்கும் நட்சத்திரமே கிடையாது. தனியார் அமைப்புகளின் நட்சத்திரங்களும் வைரங்களும்தான் உள்ளன. எங்கும் நட்சத்திரம் எண்ணுவது பெரும்பாலும் வசதிகளை: வரவேற்பு மேசை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், லிஃப்ட் உண்டா, அறையில் பெட்டகம் உண்டா என்பவற்றை. கதவு சரியாக மூடுகிறதா, விளக்கு படிக்கப் போதுமானதா, பணியாளர் முகம் பார்த்துப் பேசுகிறாரா என்பவற்றை அது சொல்லாது. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் நிறுவனம் 2024 முதல் விடுதிகளுக்கு ஒன்று முதல் மூன்று சாவிகள் வழங்குகிறது. அதில் கட்டடக்கலை, உள்ளலங்காரம், தனித்தன்மை, சேவை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு என்பதால் இந்த அடுக்குக்கு அது ஓரளவு பயன்படும். ‘சுப்பீரியர்’, ‘டீலக்ஸ்’ போன்ற அறைப்பெயர்களுக்கோ எங்கும் ஒரே பொருள் இல்லை. ஒரு விடுதியின் டீலக்ஸ் இன்னொன்றின் சாதாரண அறையைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். பெயரை விட்டுவிட்டுச் சதுர மீட்டரைப் பார்ப்பதே சரி.

வாடகையை ஒப்பிடும்போது இறுதித் தொகையோடு இறுதித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். பல ஐரோப்பிய நகரங்களில் ஆள் ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு நகர வரி தனியாக உண்டு. அமெரிக்க நகரங்களில் ‘டெஸ்டினேஷன் ஃபீ’ என்ற பெயரில் கடைசித் திரையில் ஒரு தொகை சேர்ந்துவந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்த, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் திரும்பாத மலிவு வாடகைக்கும் ரத்து செய்யத்தக்க வாடகைக்கும் உள்ள வேறுபாடு சிறியதாக இருந்தால், இரண்டாவதையே எடுப்பது நல்லது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வாடகை இறங்கினால், பழைய பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதியலாம். செக்-இன் செய்யும்போது விடுதி ஒரு முன்தொகையை அட்டையில் நிறுத்திவைக்கும். டெபிட் அட்டையைக் கொடுத்தால் அந்தப் பணம் கணக்கில் பல நாள்கள் முடங்கிக் கிடக்கும் என்பதால், கடன் அட்டையைக் கொடுப்பது மேல்.

இனி என் வரிசையைச் சொல்கிறேன். இருவர், மூன்று இரவு, நடுப்பகலில் திரும்பும் பழக்கம் என்றால், மையத்தின் ஓரத்தில், அறுபது முதல் நூற்றிருபது அறைகள் கொண்ட, புதுப்பித்த பழைய கட்டடத்தில், 22 சதுர மீட்டருக்குக் குறையாத முற்றத்துப் பக்க அறையே முதலிடம். அது கிடைக்காவிட்டால், வார இறுதியாக இருப்பின் சங்கிலி நிறுவனத்தின் கோபுர விடுதி. வார நாள்களாக இருப்பின் புதிதாகக் கட்டிய நடுத்தர அளவு வடிவமைப்பு விடுதி. தனியாகச் செல்பவர் இந்த வரிசையைப் பொருட்படுத்தாமல் சிறிய அறை விடுதிக்குப் போகலாம். லாபியின் அழகுக்காக மட்டும் எதையும் முதலிடத்தில் வைக்கமாட்டேன். மாட்ரிட்டில் 2005இல் திறக்கப்பட்ட புவெர்தா அமெரிக்கா ஹோட்டலில் ஸாஹா ஹதீத், நார்மன் ஃபோஸ்டர், ஜான் நூவெல் போன்ற கட்டடக்கலைஞர்கள் தளத்துக்குத் தளம் வேறு வேறு அறைகளை வடிவமைத்தார்கள். அத்தகைய இடத்தில் ஓரிரவு தங்குவதே ஒரு கண்காட்சிக்குப் போவதற்குச் சமம், அது வேறு கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் பட்டியலில் இரண்டு விடுதிகள் சமமாக நிற்பது உண்டு. அப்போது நான் இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறேன்: பதிவு செய்யவிருக்கும் அறை எந்தப் பக்கத்தை நோக்கியது, உள்கதவு உண்டா, மதுக்கூடம் எந்தத் தளத்தில் இருக்கிறது, காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தால் பெட்டிகளை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொள்ள இடம் உண்டா என்ற நான்கு கேள்விகள். சென்ற முறை ஒரு விடுதியிலிருந்து, எங்கள் எல்லா அறைகளும் அமைதியும் நேர்த்தியும் கொண்டவை, உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம் என்ற பதில் அரை மணி நேரத்தில் வந்தது. மற்றதிலிருந்து மறுநாள்தான் வந்தது. நான்காம் தளத்தில் முற்றத்தை நோக்கி ஓர் அறை இருக்கிறது, உள்கதவு கிடையாது, மதுக்கூடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அந்த அறைக்குக் காலையில் வெயில் வராது, சற்று இருட்டாகவே இருக்கும், பரவாயில்லையா என்று அதை எழுதியவர் கேட்டிருந்தார். அன்று மாலையே அந்த நான்காம் தளத்து அறையைப் பதிவு செய்தேன்.